வெயில் பக்கத்து ஆசனம்

கட்சி மாறுகிறவர்களைப் பிடிப்பதற்கென்று நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, அது கட்சி மாறுகிறவர்களைத்தான் பிடிக்கும் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். தலை நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்ட பிறகும் நம்பியிருந்தேன். சனம் ஒரு சின்னத்துக்குப் புள்ளடி போடுகிறது. அந்தச் சின்னத்தில் வென்றவர் மறுபக்கம் பாய்ந்தால் கட்சி அவரை நீக்கும். கட்சி நீக்கினால் ஆசனம் போகும். பாராளுமன்றத்திலிருந்து எங்கள் ஊர்ச் சபை வரைக்கும் இதுதான் ஒழுங்கு என்று ஒலிபெருக்கியில் எத்தனையோ தடவை அறிவித்தும் இருக்கிறேன். அறிவிக்கிறவன் தான் அறிவிப்பதை நம்பக்கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நான் அரிச்சுவடியிலேயே கோட்டை விட்டவன்.

என் தொழில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. கல்யாணம், கோயில் திருவிழா, செத்தவீடு, எலக்சன் எல்லாவற்றுக்கும் ஓட்டோவின் தலையில் இரண்டு ஹோர்னைக் கட்டிக்கொண்டு போவேன். திருகோணமலையில் நான் கத்தாத கட்சி இல்லை. ஒரு தேர்தலில் காலையில் ஒரு கட்சிக்கும் பின்னேரம் அதன் எதிர்க்கட்சிக்கும் கத்தினேன். இடையில் கொடியை மாற்ற மறந்துவிட்டதால் பாலையூற்றில் அடி வாங்கப் பார்த்தேன். நல்லவேளையாக என்னைப் போன்றவர்களைப் பிடிக்க இன்னும் ஒரு சட்டமும் வரவில்லை.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, அக்காவைப் பற்றி. பெயர் எழுதவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா. தொண்ணூறு வயதுக் கிழவரும் ‘அக்கா, ஒரு துண்டு தாங்கோ’ என்றுதான் கேட்பார். பஸ்கள் திரும்புகிற சந்தியில், பெட்டிக்கடைகளின் வரிசையில் முதலாவதாக, பச்சை நிறம் அடித்த பலகைப் பெட்டி ஒன்றுக்குள் இருந்து லொத்தர்ச் சீட்டுத் துண்டு விற்றார். மடியில் ஒரு துவாய் எப்போதும் இருக்கும். அது வேர்வை துடைக்க அல்ல, மான் கலைக்க. எங்கள் நகரத்து மான்கள் கடுதாசி தின்னும். போஸ்டர் ஒட்டினால் எல்லாக் கட்சிப் போஸ்டரையும் ஒரே ருசியாகத் தின்னும். லொத்தர் துண்டுக்கும் மூக்கை நீட்டும். அக்கா துவாயை ஒரு வீசு வீசுவார், மான் இரண்டு அடி தள்ளிப் போய் நின்று அவரையே பார்க்கும். அவரும் மானைப் பார்ப்பார். முதலில் தலையைத் திருப்புவது எப்போதும் மான்தான்.

அக்காவின் குணத்தை ஒரு வரியில் சொல்லலாம். இருந்தால் இருந்ததுதான், சொன்னால் சொன்னதுதான். இதைக் கேட்டுவிட்டு ஏதோ பெரிய உத்தமி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து அனுபவித்தவனுக்கு அது பெரிய தலையிடி.

ஒருமுறை தோப்பூரில் அவருடைய தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம். பாட்டுப் போட என்னைப் பிடித்திருந்தார்கள். ஓட்டோ கராஜில் நின்றதால் சாமான்களை முதல்நாளே அனுப்பிவிட்டு, நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில் போனோம். ஏறியவுடன் அக்கா வெயில் பக்கத்தில் இருந்துவிட்டார். பஸ் வெளிக்கிட்டதும் காலை வெயில் அவருடைய கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. மறுபக்கம் முழுக்க வெறும் சீற்.

“அக்கா, இஞ்சால வாங்கோ. நிழல் கிடக்கு.”

“இருந்திட்டன் தம்பி. இனி இறங்கேக்கதான் எழும்புவன்.”

“ஆர் உங்களுக்குப் பரிசு தரப்போயினம்?”

“நீ நிழல்ல இருந்து பாட்டுப் பாடு.”

கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, அவர் அந்த வெயிலிலேயே வந்து சேர்ந்தார். அங்கே இன்னொரு கூத்து. பல வருசத்துக்கு முன் ஏதோ ஒரு சொல்லுக்காக, தங்கச்சியின் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தங்கச்சி எப்போதோ மன்னிப்புக் கேட்டு, அழுது, எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதாம். கல்யாணப் பந்தல் வீட்டுக்கு வெளியே என்பதால் பந்தலில் இருந்தார், சாப்பிட்டார், பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதார். தண்ணீர் குடிக்கக்கூட வீட்டுக்குள் போகவில்லை. தங்கச்சி செம்பை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நீட்டினார். இரண்டு பேரும் அதைச் சாதாரணமாகத்தான் செய்தார்கள்.

வியாபாரத்திலும் இதே பிடிதான். கந்தோரில் வேலை பார்க்கிற ஐயா ஒருவர் துண்டு ஒன்றைத் தெரிந்தெடுத்து, நாலு அடி நடந்து, திரும்பி வந்தார். ராசியான இலக்கம் இல்லை, மாற்றித் தரவேண்டுமாம்.

“உங்கட கைதானே எடுத்தது, ஐயா?”

“ஓம், ஆனா யோசிச்சுப் பாத்தன்...”

“யோசிச்சுப்போட்டு எடுத்திருக்கலாம்.”

“ஒரு துண்டுதானே அக்கா!”

“ஒரு துண்டெண்டபடியால்தான் சொல்லுறன்.”

ஐயா கோபத்தில் அடுத்த சந்தியில் போய் வாங்கினார். மறுநாள் காலையில் அக்காவிடமே வந்து நின்றார். அப்படித்தான் எல்லோரும்.

தேத்தண்ணி விசயம் இதைவிட மோசம். அவர் குடிப்பது பக்கத்துப் பெட்டிக்கடைத் தேத்தண்ணி. அது பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் நின்ற ஒரு சாமான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல கடை வந்தபிறகும் அக்கா மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தக் கடைக்காரனின் முகத்துக்கு நேரே, “இது மனுசன் குடிக்கிற சாமானோ?” என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

“அப்ப எதிர்க்கடையில குடிக்கலாமே அக்கா” என்று நான் கேட்டேன்.

“அங்க போனா இவனை ஆர் ஏசுறது?” என்றார்.

பின்னால் நடந்ததையெல்லாம் யோசிக்கும்போது, அக்காவின் அரசியல் முழுவதும் அந்தத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் இருந்திருக்கிறது என்று படுகிறது. ஒரு கட்சித் தலைமைக்கும் அந்தக் கடைக்காரனின் பொறுமை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் அரசியலுக்கு வந்த கதையும் என் பதற்றத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் சபைக்குத் தேர்தல். எந்தச் சபை என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் இந்த ஊரில் பிழைக்கவேண்டியிருக்கிறது. வேட்புமனுவில் குறிப்பிட்ட அளவு பெண்கள் இல்லாவிட்டால் முழு மனுவையும் தூக்கி எறிவார்கள். எங்கள் கட்சிக்காரர்கள், அதாவது அந்த முறை நான் கத்திய கட்சிக்காரர்கள், ஆம்பிளைகளை மாதக்கணக்கில் சண்டை பிடித்துத் தெரிவுசெய்துவிட்டு, பெண்கள் இருப்பதைக் கடைசி நாள் காலையில்தான் நினைவுபடுத்திக்கொண்டார்கள். மனுக் கொடுக்கும் நேரம் மத்தியானம் முடிகிறது. மாவட்ட அமைப்பாளர் என்னைப் பார்த்தார். “உனக்கு ஓட்டோ இருக்கு, வாய் இருக்கு. பட்டியலுக்கு இன்னும் ரெண்டு பொம்பிளையள் காணாது, கொண்டா” என்றார். தேங்காய் வாங்கிவரச் சொல்வது மாதிரி.

நான் நேரே சந்திக்குப் போனேன்.

“அக்கா, எலக்சன் கேக்கிறீங்களோ?”

“என்ன சொல்லுற கட்சி?”

“இந்தப் பெட்டிக்கடையளை எடுக்க விடமாட்டம் எண்டு சொல்லுற கட்சி.”

சபைத் தலைவராக முன்பிருந்த தவிசாளர் அந்தக் கடை வரிசையை உடைத்துவிட்டு மாடிக் கடைத்தொகுதி கட்டப்போவதாகச் சொல்லித் திரிந்தார். தவணை முடிந்து சபை கலைந்ததால்தான் கடைகள் தப்பின. அவரே மறுபடியும் வேறு சின்னத்தில் கேட்கிறார். அவரைத் தோற்கடிப்பதுதான் எங்கள் கட்சியின் முழக்கம்.

அக்கா துவாயை மடித்து வைத்தார். “அப்ப சரி. ஆனா தம்பி, நான் ஏறினா ஏறினதுதான். பிறகு வந்து இறங்கச் சொல்லக்கூடாது.”

“ஆரக்கா உங்களை இறங்கச் சொல்லுறது?” என்று நான் சொன்னேன். என் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டாம், மண்ணைப் போடுங்கள்.

இன்னும் ஒரு பெண் வேண்டும். நேரம் ஓடுகிறது. தெரிந்த வீடுகளிலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் என் வீட்டுக்கே போனேன். மனைவி குசினியில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இதில ஒரு கையெழுத்துப் போடு.”

“என்னப்பா இது?”

“சும்மா பேருக்குத்தான். பட்டியலை நிரப்ப.”

“வென்று கின்று போடுவனோ?”

“விசரே உனக்கு? கடைசிப் பேர் உன்ரதான்.”

செதிள் ஒட்டிய கையைச் சீலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வேட்புமனு மீன் மணத்தோடு போய்ச் சேர்ந்தது. நான் அதைப் பெரிய பகிடியாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிரசாரத்துக்கு அக்காவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். முன்பே பதிவு செய்த என் குரல் அடுக்குமொழியில் முழங்கும்: “ஏழைகளின் வயிற்றில் அடிக்க வந்தவருக்கு ஒரு வாக்கும் இல்லை! பெட்டிக்கடைகளில் கை வைத்தவரோடு எக்காலத்திலும் கூட்டு இல்லை!” பின்னணியில் நாதஸ்வரம். அது முடிந்ததும் அக்கா இறங்கி வீட்டு வாசலில் நின்று ஒரேயொரு வசனம் சொல்வார்.

“கடையளை உடைக்க வந்த ஆளுக்கு நான் கை தூக்கமாட்டன். தூக்கினா வந்து என்னைக் கேளுங்கோ.”

வீட்டுக்கு வீடு அதே வசனம், அதே வேகம். “கொஞ்சம் மாத்திச் சொல்லுங்கோ அக்கா, எனக்கே அலுப்பா கிடக்கு” என்றேன். “உனக்குச் சொல்லேல்லையே” என்றார்.

தேர்தல் முடிந்தது. தனித்து ஆட்சி அமைக்க எவருக்கும் ஆள் காணாது. எங்கள் கட்சிக்குக் கொஞ்ச ஆசனங்கள் வந்தன. பட்டியலிலிருந்து பெண் ஒருவரைத் தெரிவுசெய்யவேண்டியிருந்ததால் அக்கா உறுப்பினர் ஆனார். சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு வந்து பச்சைப் பெட்டிக்குள் ஏறி, மிச்சத் துண்டுகளை விற்றார். மாலை போட வந்தவர்களின் மாலையை மான் தின்றது. என் மனைவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தேன்.

பிறகு ஒருநாள் கட்சி உறுப்பினர்கள் எல்லோரையும் கடற்கரைப் பக்கமாக ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். தவிசாளர் தெரிவு முடியும்வரை ஆட்கள் பாயாமல் காவல். மைக் போடப் போன நானும் உள்ளே. வரவேற்பறையில் முதலில் தட்டுப்பட்ட கதிரையில் அக்கா இருந்துவிட்டார். பிறகு எழுப்ப ஏலாது என்று எனக்குத் தெரியும் என்பதால் கூட்டத்தையே அங்கே வைக்கும்படி நான்தான் சொன்னேன்.

அமைப்பாளர் மைக்கைப் பிடித்தார். தலைமை முடிவு எடுத்துவிட்டது. அந்தப் பழைய தவிசாளருக்கே எங்கள் ஆதரவு. பதிலுக்கு உப தவிசாளர் பதவி எங்களுக்கு. அந்த ‘எங்களுக்கு’ என்பது அமைப்பாளரின் மச்சானுக்கு.

பணிஸ் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா கேட்டார்: “தம்பி, நாங்கள் சனத்துக்கு வேறை மாதிரியெல்லோ சொன்னனாங்கள்?”

“அது அப்ப அக்கா. இது இப்ப.”

“அப்ப மாறினது ஆர்?”

அமைப்பாளர் சிரித்தார். சட்டம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. “அக்கா, சட்டம் ஒண்டு இருக்கு. கட்சி முடிவுக்கு மாறாக் கை தூக்கினா ஆசனம் போயிடும்.”

“கை தூக்கினாத்தானே போகும்? நான் தூக்கவே போறதில்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

தெரிவு நாள். திறந்த வாக்கெடுப்பு. நான் பார்வையாளர் வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அதிகாரி பெயர் பெயராகக் கூப்பிட்டார். எங்கள் ஆட்களின் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. அக்காவின் பெயர் வந்தது. இரண்டு கையும் மடியில், துவாய் கிடக்கிற இடத்தில் கிடந்தன.

“ஆதரவா, எதிர்ப்பா?” என்று அதிகாரி கேட்டார்.

“எதிர்ப்பு. சனத்துக்குச் சொன்னனான்.”

பழைய தவிசாளர் எப்படியும் தெரிவாகிவிட்டார். அக்காவின் ஒரு வாக்கால் எதுவும் கவிழவில்லை. ஆனால் சட்டம் அந்த நிமிடமே பாயும் என்று நான் நினைத்தேன். அக்காவைத் தூக்கிக்கொண்டு போகப் பொலிஸ் வரும், அடுத்தது பட்டியலில் மிச்சம் இருக்கிற பெண் யாரென்று பார்ப்பார்கள், மீன் மணத்தை வைத்தே என் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். ஓட்டோவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். ஹோர்ன் ஒன்று வழியில் கழன்று விழுந்ததுகூடத் தெரியாது.

“கதவைத் திறக்காதை! ஆர் வந்தாலும் நீ வீட்டில இல்லை!”

“ஏனப்பா, ஆரையும் அடிச்சுப்போட்டியளோ?”

“அக்கா எதிர்த்து வாக்குப் போட்டுட்டா!”

“அதுக்கு நான் ஏன் ஒளிக்கிறது?”

நியாயமான கேள்வி. நான் கட்டிலுக்குக் கீழே இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பொலிசும் வரவில்லை, ஒருவரும் வரவில்லை. அந்த நாட்களில்தான் எங்கள் கட்சியின் எம்.பி. ஒருவர் பாராளுமன்றத்தில் மறுபக்கம் போய் இருந்தார். போன கையோடு பிரதி அமைச்சர். கட்சித் தலைமை கொதித்துப்போய், விசாரணை ஒன்றும் இல்லாமல், தொலைக்காட்சியிலேயே அவரை நீக்கிவிட்டதாகச் சொன்னது. அவர் ஆறுதலாக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எம்.பி.மாருக்கு அதற்கு ஒரு மாதத் தவணை உண்டு. நீக்கிய முறை பிழை, விளக்கம் கேட்கவில்லை, ஆகவே நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கட்சி மாறியவரின் ஆசனம் இரும்பு மாதிரி நின்றது. ஊருக்கு வந்தபோது அவருக்குப் பெரிய வரவேற்பு. ஒலிபெருக்கி என்னுடையதுதான்.

எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, பயப்பிடாதேங்கோ! பாய்ஞ்சவரையே அசைக்க ஏலேல்லை. உங்களை என்ன செய்யிறது?”

அக்கா துண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அவர் பாய்ஞ்சவர், அவருக்குத் தப்பத் தெரியும். நான் இருந்த இடத்தில இருக்கிறன். எனக்கு ஓடத் தெரியாது.”

அக்காவுக்குப் பதற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு மான் வந்து ஒரு கட்டுத் துண்டை இழுத்ததை அவர் கவனிக்கவில்லை.

கட்சி பாடம் படித்திருந்தது. எம்.பி.யிடம் விட்ட பிழையை லொத்தர்காரியிடம் விடக்கூடாது. ஒழுக்காற்று விசாரணை என்று முறைப்படி அறிவித்தல் கொடுத்தார்கள், விளக்கம் சொல்லத் தவணை கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து சட்டத்தரணி ஒருவர் வந்தார். அமைப்பாளர் வீட்டு ஹோலில் மேசை, மூன்று கதிரை, காற்றாடி. நாளைக்கு நீதிமன்றத்தில் ஒரு ஓட்டை வரக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்ய ஏற்பாடு. ஒலிப்பதிவுக்கு யார்? வேறு யார்.

நான் மைக்கை அக்காவுக்கு முன்னால் வைத்தேன். அக்கா மெதுவாகக் கேட்டார், “ஏன் தம்பி நடுங்கிறாய்? விசாரணை எனக்கெல்லோ?”

சட்டத்தரணி “ஆரம்பிக்கலாம்” என்றார். நான் பதிவுப் பொத்தானை அமத்தினேன். அமத்தியது அதன் பக்கத்துப் பொத்தானை. தேர்தலுக்குப் பாவித்த பென் டிரைவ் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. நாதஸ்வரம் கிளம்பியது. அதற்கு மேலே என் குரல், ஹோல் அதிர, கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் அதிர:

“பெட்டிக்கடைகளில் கை வைத்தவரோடு எக்காலத்திலும் கூட்டு இல்லை! இல்லை! இல்லை!”

அந்த மூன்று ‘இல்லை’யும் நான் எதிரொலிக்காகச் சேர்த்தது.

“நிப்பாட்டு! டேய், நிப்பாட்டு!” என்று அமைப்பாளர் கத்தினார்.

நிற்பாட்டுகிற பொத்தானை நான் தேடியது போல் என் வாழ்க்கையில் வேறு எதையும் தேடியதில்லை. சத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை. கடைசியில் வயரைப் பிடுங்கினேன். காற்றாடியும் சேர்ந்து நின்றது.

அக்கா முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சட்டத்தரணியிடம் திரும்பினார். “ஐயா, நான் சொல்ல இருந்ததை இவனே சொல்லிப்போட்டான். இதுதான் கட்சி சொன்னது. நான் இதிலதான் இருக்கிறன். நீங்கள் எல்லாரும் எழும்பி அங்கால போய் இருந்துகொண்டு, நான் மாறிட்டன் எண்டு சொல்லுறீங்கள்.”

சட்டத்தரணி நல்ல மனிதர். கோபப்படவில்லை. தமிழும் அழகான தமிழ். “அம்மா, நாம் இப்போது கேட்டது தேர்தல் கால அறிவிப்பு. பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டது. அது கட்சியின் தீர்மானம் ஆகாது. தவிசாளர் தெரிவு தொடர்பாகக் கட்சி எடுத்த தீர்மானத்துக்கு எதிராக நீங்கள் வாக்களித்தீர்களா, இல்லையா?”

“ஓம்.”

“வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதித் தந்தால், கட்சி மன்னிக்கவும் இடமிருக்கிறது.”

“எனக்கு வருத்தம் இல்லையே.”

“அம்மா, யோசித்துச் சொல்லுங்கள்.”

“யோசிச்சுப்போட்டுத்தான் ஐயா ஏறினனான்.”

பிறகு தேத்தண்ணி வந்தது, நல்ல பால் தேத்தண்ணி. அக்கா குடித்து முடித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னார். ஏசுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

விசாரணை அப்பழுக்கில்லாமல் முடிந்தது. நானும் வயரைச் செருகி, சரியான பொத்தானை அமத்தி, மிச்சத்தை ஒழுங்காகப் பதிந்து கொடுத்தேன். அக்கா நகரத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்த்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இவ்வளவு சரியா ஒரு விசாரணை நடந்து நான் கண்டதில்லை. பிடிக்க ஒரு இடமும் இல்லை, அக்கா” என்றாராம். கட்சி அக்காவை நீக்கியது. ஆசனம் காலி என்று அரசாங்க வர்த்தமானியில் வந்தது.

காலியான இடத்துக்குப் பெண்தான் வேண்டும். பட்டியலில் இருந்த மற்றப் பெண்களில் ஒருத்தி வெளிநாடு போய்விட்டாள், மற்றவர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். அமைப்பாளர் பூமாலையோடு என் வீட்டு வாசலில் நின்றார். மனைவி அவரை இருக்கச் சொல்லாமலே சொன்னாள்: “அக்காட இடத்தில நான் இருக்கமாட்டன்.”

“தங்கச்சி, நீங்கள் கையெழுத்து வைச்சனீங்கள்” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் போதும். பட்டியலில் பெயர் கொடுத்தவர் மறுத்தால் அதற்கும் ஒரு சட்டம் இருக்கும், அதற்கும் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார், அதையும் நான்தான் ஒலிப்பதிவு செய்யவேண்டிவரும் என்று என் மண்டைக்குள் நாதஸ்வரம் ஊதத் தொடங்கியது. அப்படி ஒரு சட்டம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியாமல் அவளை நாள் முழுக்க நச்சரித்தேன்.

அவள் அக்காவிடம் கேட்கப் போனாள். நானும் பின்னால் போனேன்.

அக்கா அவளைப் பெட்டிக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். “போய் இரு பிள்ளை. நீ போகாட்டி அந்த அமைப்பாளன் தன்ர ஆள் ஒருத்தியை எப்பிடியும் கொண்டு வருவான். ஆனா, கடையள் விசயம் வரேக்க மட்டும் மாறாதை.”

“மாறமாட்டன் அக்கா” என்றாள் என் மனைவி. சும்மா சொல்லவில்லை. அவளை எனக்குத் தெரியும்.

கடைகள் விசயம் வரச் சில மாதங்கள் ஆயின. பேருந்துச் சந்தியை அழகுபடுத்துவது, பெட்டிக்கடைகளை அகற்றுவது என்று தீர்மானம். அன்று காலை அமைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மனைவியை அல்ல, என்னை. “கட்சி முடிவு இது. சட்டம் உனக்குத் தெரியும்தானே. விசாரணையில இருந்தனீ.” நான் அவளுக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். சொன்னது குறைவு, பயந்தது அதிகம். அவள் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் செதிள் ஒன்றும் இல்லை.

இப்போது அந்தச் சந்தியில் கொங்கிறீற் தூண்கள் நிற்கின்றன. மாடி இன்னும் எழும்பவில்லை. மான்கள் தூணின் நிழலில் படுக்கின்றன. கடைகளை உடைக்க வந்த அன்று அக்கா பெட்டிக்குள்ளேதான் இருந்தார். பக்கத்துக் கடைகள் எல்லாம் விழுந்து, தேத்தண்ணிக்காரன் வந்து கையைப் பிடித்து இறக்கும்வரை எழும்பவில்லை. இறங்கும்போது மறக்காமல் துவாயை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு தோப்பூருக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறாராம். வந்தவர்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

கடைகளை அகற்றும் தீர்மானம் வந்த சபைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன், அதே கதவுக்குப் பக்கத்தில். தவிசாளர் தீர்மானத்தை வாசித்தார். எதிர்ப்பவர் உண்டா என்று கேட்டார். என் மனைவி அக்காவின் கதிரையில் இருந்து ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆதரிப்பவர்கள் கை உயர்த்தச் சொன்னார்கள். அவளும் உயர்த்தினாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.